மழைக்காலத்தில் ஜோக் அருவி: அம்மாவோடு போகலாமா?

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஆகஸ்டில் அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஜோக் அருவிக்குக் கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு முட்டிவலி. காரா ரயிலா, எத்தனை நாள் வேண்டும்?

மலைநாடன்: தம்பி, ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள், ஒருவழிக்கே சுமார் 400 கிலோமீட்டர். ராத்திரி ரயிலில் அருவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான தாளகுப்பா போய் அங்கிருந்து வண்டி பிடித்தால் அம்மா படுத்துக்கொண்டே வரலாம். ஒரு ராத்திரி அங்கே கட்டாயம் தங்குங்கள். நாங்கள் போனபோது ஒரு மணி நேரம் வெறும் வெள்ளைப் பனிமூட்டம்தான், இரைச்சல் மட்டும் நெஞ்சில் இடித்தது, அப்புறம் காற்று திரும்பியதும் ராஜா, ரோரர், ராக்கெட், ராணி என்று அருவியின் நான்கு கிளைகளும் இரண்டே நிமிடம் பளிச்சென்று தெரிந்தன. 253 மீட்டர் உயரம்! என் அம்மா கைகூப்பிவிட்டார். அடிவாரத்துக்கு இறங்கும் படிகள் முட்டிவலிக்கு வேண்டவே வேண்டாம், மேலிருந்தே நன்றாகத் தெரியும்.

கொல்லைப்பூ: தண்ணீர் லிங்கனமக்கி அணையைப் பொறுத்தது அண்ணா. அது 1964இல் ஷராவதி ஆற்றின் குறுக்கே கட்டியது, அருவிக்கு மேலே இருக்கிறது. மதகு திறந்தால் நான்கும் ஒன்றாகிப் பொங்கும், கோடையில் நூல் மாதிரிதான். காட்டுப் பாதையில் அட்டை ஏறும், பிள்ளைகளுக்கு நீளமான காலுறை போடுங்கள். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல் நகத்தால் மெல்லத் தள்ளுங்கள்.

சரி அண்ணா, சரி தங்கச்சி. ரயிலுக்கே பதிவு செய்கிறேன், அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைக்க வேண்டும்.