பெஸ்ராவா, இளம் வல்லூறா?

சிறு வேட்டைப் பறவை ஒன்றின் படத்தில் தொண்டை நடுவே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் போதும், உடனே காட்டுப் பறவையான ‘பெஸ்ரா’ என்று பறவைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். ஊருக்குள் எடுத்த அத்தகைய படங்களில் பெரும்பாலானவை அதன் உறவினமான வல்லூறின் (ஷிக்ரா) இளம் பறவைகள் என்பது என் கணிப்பு. இளம் வல்லூறுக்கும் அந்தக் கோடு உண்டு; மார்பில் பழுப்புப் பொட்டுகளும் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

கோவையில் எங்கள் தெரு வேப்பமரத்தில் அப்படி ஒன்று வந்து அமர்ந்தது. அணில்கள் கத்தித் தீர்த்தன. உடனிருந்த நண்பர் பெஸ்ராதான் என்று அடித்துச் சொன்னார். “தொண்டையை விடுங்கள் அண்ணா, வாலைப் பாருங்கள்” என்றேன். கரும்பட்டைகள் ஒடுக்கமாகவும் இடைவெளிகள் அகலமாகவும் இருந்தன. பெஸ்ராவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே அகலம். காலும் காட்டிக்கொடுத்தது: வல்லூறுக்குத் தடித்த கால், குட்டை விரல்கள்; பெஸ்ராவுக்கோ குச்சிக் கால், நீண்ட நடுவிரல். நண்பர் அரை மனதாகத் தலையாட்டினார்.

நிஜ பெஸ்ராவை நான் நன்றாகப் பார்த்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய காட்டுத் துண்டில். வளர்ந்த ஆண். வெள்ளைத் தொண்டையில் மை தீட்டியது போன்ற அகலக் கோடு, மார்பின் நடுவில் நெடுக்குக் கீற்றுகள், வயிற்றில் குறுக்குப் பட்டைகள். வளர்ந்த ஆண் வல்லூறுக்குத் தொண்டைக் கோடு மங்கலான சாம்பல் இழைதான். மார்பு முழுக்க மெல்லிய செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள், கண் ரத்தச் சிவப்பு. வல்லூறு மின்கம்பத்தில்கூடப் பொறுமையாக அமர்ந்து போஸ் கொடுக்கும். இந்தப் பெஸ்ராவோ இலைகளுக்குள் நழுவி மறைந்துவிட்டது.

உருவ அளவை மட்டும் நம்பவே கூடாது. இவற்றில் எல்லாம் பெண்தான் பெரியது. ஒரு இனத்தின் பெண் இன்னொன்றின் ஆணை எளிதில் மிஞ்சிவிடும்.

குளிர்காலத்தில் வலசை வரும் ஐரோப்பியச் சிட்டுப்பருந்தும் குழப்பும். அதற்குத் தொண்டைக் கோடு கிடையாது. பறக்கும் படம் கிடைத்தால் இறக்கை நுனியில் விரல்போல் பிரியும் இறகுகளை எண்ணுங்கள்: அதற்கு ஆறு, வல்லூறுக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து. 2024இல் பறவை நோக்குவோர் பதிவிடும் ஈபேர்ட் தளத்தின் வகைப்பாடும் இந்த ஐந்துக்காரர்கள் இருவரையும் அக்சிபிட்டர் பேரினத்திலிருந்து பிரித்து டாக்கிஸ்பைசாவில் சேர்த்துவிட்டது. சிட்டுப்பருந்து பழைய இடத்திலேயே இருக்கிறது.

அக்காக்குயில் தனிக்கதை. வல்லூறைப் போலவே இறக்கையடித்து மிதந்து வரும், தவிட்டுக்குருவிகளும் ஏமாந்து அலறும். கிளையில் அமர்ந்ததும் அலகைப் பாருங்கள், வல்லூறின் கொக்கி அதில் இருக்காது.