மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் புதுவீடு: வெட் கிச்சன் மேற்கில் வைக்கலாமா?

கேள்வி: 40க்கு 80 அடி நிலம், வாசல் கிழக்கு, மாடி இல்லை. வெட் கிச்சனை, அதாவது எண்ணெய்ச் சமையலும் கழுவும் வேலையும் நடக்கும் அடுப்படியை, பின்னால் மேற்கில் வைக்கச் சொல்கிறார் பிளான் வரைபவர். சரிதானா?

பதில் 1: தாராளமா வைங்க தம்பி. சாயங்கால வெயிலை அடுப்படி வாங்கட்டும். அங்கே படுக்கையறை வந்தால், செங்கல் சுவர் பகலில் குடித்த சூட்டை ராத்திரி கக்கும். கூரை 3 அடியாவது வெளியே நீளட்டும், சாரலுக்கும் ஆகும்.

பதில் 2: தரைமட்டம்தான் முக்கியம். வெட் கிச்சன், குளியலறைத் தளம் ஹாலைவிட 50 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கணும். தண்ணீர் போகும் துளையை நோக்கி மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் சரிவு. கான்கிரீட் ஊற்றும்போதே இறக்கிடுங்க. பிறகு சரிவுக்காக டைல்ஸ்காரர் சிமெண்ட் ஏற்றினால் அந்தத் தாழ்வு போய்விடும், கழுவும் தண்ணீர் ஹாலுக்குள் வரும்.

கேட்டவர்: சாமி அறை?

பதில் 2: எங்கேயும் வைங்க, குளியலறைச் சுவரோடு ஒட்டாமல் இருந்தால் சரி. உள்ளே குழாய் கசிந்தால் பெயிண்ட் உரியும்.