மறு: காற்றுப்பைத் தொகுதி – உறுப்புக்குப் பெயர் வடிவத்தாலா, வேலையாலா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் காற்றுப்பை (ஏர்பேக்) உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர் வைக்க ஐயா அனுப்பிய சொற்பட்டியலில் பெரும்பகுதியை அப்படியே ஏற்கிறேன். மாடியூலுக்குத் ‘தொகுதி’, ஹவுசிங்கிற்குக் ‘கூடு’, மேலுறைக்கு ‘மூடி’, மூடி கிழிவதற்கென்று மெலிதாக விடப்பட்ட கோட்டிற்குக் ‘கிழிகோடு’ – எல்லாம் நல்ல சொற்கள். நான் தயங்குவது நாலைந்து சொற்களில்தான். அவை எல்லாவற்றிலும் உள்ள சிக்கல் ஒன்றே: உறுப்பு செய்யும் வேலையைப் பெயர் சரியாகச் சொல்வதில்லை.

> ரிடெய்னர் ரிங் – பிடிவளையம். வளையமாக இருப்பதால் பெயர் தானாகவே அமைந்துவிட்டது.

வளையமாக இருக்கும்வரை சரிதான் ஐயா. ஓட்டுநர் பக்கத் தொகுதியில் வழக்கமாகக் காணும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பையின் வாய்க்குள் ஓர் எஃகு வளையம். அதில் பதித்த போல்ட்டுகள் துணியிலுள்ள துளைகள் வழியாக வெளியே நீளும். அவற்றில் கூட்டையும், பையை வளிமத்தால் (வாயுவால்) நிரப்பும் இன்ஃப்ளேட்டரையும் கோத்து, பின்னாலிருந்து நட்டுகளை முறுக்குவார்கள். உயிர்காக்கும் கருவி என்பதால் ஒவ்வொரு நட்டின் முறுக்குவிசையையும் அளந்து பதிய வேண்டும். தொகுதியை எளிமைப்படுத்த நினைக்கும் வடிவமைப்பாளர் முதலில் கைவைப்பது இந்த வளையத்திலும் நட்டுகளிலும்தான்.

உறுப்புகளைக் குறைத்துப் பொருத்துவதை எளிதாக்கப் பொறியியல் அறிஞர்கள் பூத்ராய்டும் டியூஹர்ஸ்டும் வகுத்த பொருத்துமுறை ஆய்வில் ஒவ்வொரு உறுப்பிடமும் மூன்று கேள்விகள் கேட்கப்படும். இயங்கும்போது மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் இது தனியே நகர்கிறதா? வேறு பொருளால் ஆனதாகத்தான் இருக்க வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பொருத்தவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அந்த உறுப்பைப் பக்கத்து உறுப்போடு சேர்த்துவிடலாமா என்று பார்ப்பார்கள். பை முதல் கேள்வியிலேயே தப்பிவிடும். விரிவதுதானே அதன் பிழைப்பு. வளையம் முதலிரண்டிலும் தோற்கும். பைக்குள்ளே போய் உட்கார வேண்டியிருப்பதால் மூன்றாவதில் மட்டும் தப்பிக்கும். துணியின் விளிம்பில் துளையிட்டு, கூட்டிலேயே வார்த்த கொக்கிகளில் மாட்டிவிட்டால் அந்தக் காரணமும் போய்விடும். அப்போது வளையம் இருக்காது, ஆனால் பையைப் பிடித்துக்கொள்ளும் வேலை இருக்கும். அந்தக் கொக்கி வரிசையைப் ‘பிடிவளையம்’ என்று எப்படி அழைப்பது?

அதனால் ‘பைப்பிடி’ என்று முன்மொழிகிறேன். வளையமானாலும் கொக்கியானாலும் தகடானாலும் அது பைப்பிடிதான். எளிமையாக்கல் என்றாலே உறுப்புகள் ஒன்றோடொன்று சேர்வது. உறுப்பு மறைந்தாலும் வேலை மறையாது. எனவே வேலையைச் சொல்லும் பெயரே அடுத்த வடிவமைப்பிலும் நிற்கும்.

> இன்ஃப்ளேட்டர் – வளிமாக்கி. வேதிவினையால் வளிமத்தை ஆக்குவதால் இதுவே துல்லியம்.

தோழி சொல்வது ஒரு வகைக்குத் துல்லியம். முற்காலத்தில் சோடியம் அசைடு சிதைந்து நைட்ரஜனைத் தந்தது. இப்போது பரவலாக உள்ள குவானிடின் நைட்ரேட் வகை எரிபொருள்களும் எரிந்துதான் வளிமத்தை உண்டாக்குகின்றன. ஆனால் கலப்பு வகை ஒன்று இருக்கிறது. அதில் ஆர்கான் போன்ற வளிமம் உயரழுத்தத்தில் முன்பே அடைக்கப்பட்டிருக்கும். சிறிதளவு எரிபொருள் அதைச் சூடாக்கி வெளியே தள்ளும். அங்கே பெரும்பங்கு வளிமம் ஆக்கப்படுவதில்லை, திறந்துவிடப்படுகிறது. ‘காற்றடிப்பான்’ என்று வந்த மாற்றும் பொருந்தாது. அடிப்பதற்கு அங்கே பம்பும் இல்லை, நேரமும் இல்லை. ஓட்டுநர் பக்கப் பை நிறைய ஏறத்தாழ 30 மில்லிநொடிதான்.

எல்லா வகைக்கும் பொதுவான வேலை பையை ஊதச் செய்வது. ஆகவே ‘பையூதி’. தனியே ‘ஊதி’ என்றால் வினையெச்சம் போல ஒலித்து வாக்கியத்தில் தடுக்கும். ‘பை’ சேர்ந்ததும் அந்தக் குழப்பம் தீர்கிறது. ‘வளிமாக்கி’யைத் தூக்கி எறிய வேண்டாம். பையூதியின் உட்பிரிவாக, எரிந்து வளிமம் தரும் வகைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

பையூதியிலுள்ள ஸ்குயிபுக்கு ‘மின்திரி’ என்ற பரிந்துரையை முழு மனதோடு வழிமொழிகிறேன். மின்சாரம் வந்ததும் தீப்பற்றி உள்ளிருக்கும் எரிபொருளுக்கு நெருப்பைக் கொடுப்பது அதுதான். பட்டாசில் திரி எதற்கோ அதே வேலை. அதன் இணைப்பியைக் கழற்றியவுடன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் சிறு தகடு உள்ளே இருக்கிறது. நிலைமின் பொறியால் மின்திரி பற்றிவிடாமல் காப்பது அது. பட்டியலில் விடுபட்டுள்ளது. ‘குறுக்கிணைப்புத் தகடு’ என்று சேர்க்கலாம்.

இனி அதிகம் சர்ச்சையான ஸ்னாப்-ஃபிட்.

> அழுத்துப்பூட்டு என்றால் போதும், அழுத்தினால் பூட்டிக்கொள்கிறது.

போதாது என்பதே என் கருத்து. பிரஸ்-ஃபிட் என்று இன்னொன்று இருக்கிறது. துளையைவிடச் சற்றே பருத்த தண்டை அழுத்தி இறக்கினால், இறுக்கமும் உராய்வும் பிடித்துக்கொள்ளும். அங்கே கொக்கியே கிடையாது. ஸ்னாப்-ஃபிட்டில் ஒரு நாக்கு வளைந்து, விளிம்பைத் தாண்டியதும் பழைய நிலைக்குத் திரும்பிக் கவ்விக்கொள்ளும். இரண்டிலும் அழுத்துகிறோம், பிடிக்கும் விதம்தான் வேறு. ‘அழுத்து’ முதலாவதற்கே உரியது. அதை ‘அழுத்துப்பொருத்து’ என்போம். இரண்டாவதற்குச் ‘சொடுக்குப்பூட்டு’.

‘சொடுக்கு’ கணினிக்குப் போய்விட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். போகட்டும், ஒலி பொதுவானதுதானே. இங்கே அந்த ஒலிக்கு வேலையும் இருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்புறமிருந்து திருகாணிகளை முடுக்கிய இடத்தில், பல வாகனங்களில் இன்று தொகுதியை முன்னாலிருந்து அழுத்தினால் வளைந்துகொடுக்கும் கம்பி வந்து கொக்கியைக் கவ்விக்கொள்கிறது. பொருத்துபவருக்குக் கிடைக்கும் முதல் உறுதி அந்தச் சொடுக்கு. பெயரிலேயே அந்தச் சரிபார்ப்பு இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தாங்கும் நாக்கைக் ‘கவ்வுநாக்கு’ எனலாம்.

ஓரப்பைகளின் பகுதியில் ‘தைப்பை’ என்று கண்டேன். சன்னலோரம் திரைபோல் இறங்கும் பக்கத் திரைப்பைகள் பலவற்றில் இன்று தையலே இல்லை. இரண்டு அடுக்குகளையும் தறியிலேயே சேர்த்து நெய்துவிடுகிறார்கள். உருண்டு புரளும் வாகனத்தில் பை சில நொடிகளாவது காற்று இறங்காமல் நிற்க வேண்டும். தையல் துளைகள் அதற்குத் தடை. பொதுப்பெயர் ‘திரைப்பை’ என்றே இருக்கட்டும், செய்முறையைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஒருநெசவுத் திரைப்பை’ எனலாம்.

இன்னும் எனக்குப் பிடிபடாதது கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, இணைப்பு அறாமல் மின்திரிக்கு மின்சாரம் கொண்டுபோகும் சுருண்ட பட்டைக் கம்பி அது. ‘சுருள்வடம்’ என்பது பட்டியலில் உள்ள சொல். இதுவும் வடிவப் பெயர்தான். ‘சுழலிணைப்பி’ என்று வைக்கலாமா? ஆனால் உரசியபடி முடிவில்லாமல் சுற்றும் ஸ்லிப் ரிங்குக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடும். இதுவோ இருபுறமும் சில சுற்றுகள் மட்டுமே திரும்பும். பழுதுபார்க்கும் பணியில் இருக்கும் நண்பர்கள் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் யோசனை தந்தால், மற்றவற்றைத் திருத்திய பட்டியலாக அடுத்த மடலில் இடுகிறேன்.

அன்புடன்.