லூபஸ்: கறுத்த தோலில் கவனிக்கப்படாத தடிப்பு, எழுதித் தரப்படாத சிறுநீர்ப் பரிசோதனை

என் தங்கைக்கு லூபஸ் (நோயெதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) என்று கண்டுபிடிப்பதற்குள் நோய் சிறுநீரகம் வரை போய்விட்டது. மூட்டு வலி, விட்டு விட்டுக் காய்ச்சல், கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. போன இடத்திலெல்லாம் ரத்தசோகை, மன அழுத்தம் என்றே சொன்னார்கள். மூக்கின் மேலேறி இரண்டு கன்னத்திலும் படர்ந்திருந்த தடிப்பைப் பார்த்த மருத்துவர் மங்கு என்று சொல்லி க்ரீம் எழுதிக் கொடுத்தார். மருத்துவப் பாடநூல்களில் இந்தத் தடிப்பை வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்றுதான் பெரும்பாலும் காட்டுகிறார்கள். கறுத்த தோலில் அது கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். இத்தனைக்கும் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்களுக்குத்தான் லூபஸ் அதிகம் வருகிறது, சிறுநீரகத்தையும் அதிகம் தாக்குகிறது.

எனக்கு ஆத்திரமே இதில்தான். சிறுநீரில் புரதம் போகிறதா என்று சின்ன லேபில்கூடப் பார்த்துவிடலாம். அதை எழுதித் தர ஒருவருக்கும் தோன்றவில்லை. லூபஸ் நெஃப்ரைட்டிஸ், அதாவது லூபஸால் வரும் சிறுநீரக அழற்சி, ஆரம்பத்தில் வலிக்காது. சிறுநீர் நுரைத்து, காலையில் இமை வீங்கி, செருப்பு வார் பாதத்தில் பதிகிற அளவுக்கு நீர் கோத்த பிறகுதான் பயாப்ஸி வரைக்கும் போனோம். லூபஸைப் பார்க்கும் வாதநோய் (ருமாட்டாலஜி) நிபுணரிடம் முதலிலேயே போக வசதியுள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனை தவறாமல் நடக்கிறது. எங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாதக்கணக்கானது. கிடைத்த நாளில் அவளுக்கு வேலையில் லீவு தரவில்லை.

*

படிக்கவே மனசு கனக்கிறது அக்கா. எனக்கு நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள், மருந்துதான் கிடைக்கவில்லை. 2020-ல், லூபஸுக்கு நான் போடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவுக்கும் கேட்கும் என்று பேச்சு கிளம்பியதும் கடைகளில் மாத்திரை காலி. ஆள் பழக்கம் உள்ளவர்கள் மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு ஓட்டினேன். விரல் மடக்க முடியாமல் மூட்டெல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டது. அது கொரோனாவுக்குப் பலன் தராது என்று பெரிய ஆய்வுகள் காட்டியது அப்புறம்தான்.

*

லூபஸுக்கான பெலிமுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2011-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. எனக்கு அதைப் போடலாம் என்று மருத்துவரே சொன்னார், காப்பீட்டில் மறுத்துவிட்டார்கள். ஸ்டீராய்டு மலிவு என்பதால் அதிலேயே காலம் தள்ளுகிறேன்; இப்போது இடுப்பெலும்பு தேய ஆரம்பித்திருக்கிறது.

அக்கா, தங்கைக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆரம்பித்துவிட்டார்களா? நாளாக நாளாக அது விழித்திரையைப் பாதிக்கலாம், அதனால் ஆரம்பத்திலேயே ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை எடுத்து வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து வருஷா வருஷம் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு அதற்கு முன்பே தேவைப்படும்.

*

ஆரம்பித்துவிட்டார்கள். கண் பரிசோதனை பற்றி யாருமே சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறேன்.