ஒரே தட்டில் இரண்டு உலோகம்: சிம்பலா, சமரசமா?

உலைக்களம்:

ட்ரம்ஸோடு சேர்த்துக் குச்சியால் அடிக்கும் உலோகத் தட்டான சிம்பலைச் செய்யும் பட்டறை நடத்துகிறேன். எங்களிடமிருந்து போகும் தட்டில் எங்கள் பெயர் இருக்காது. வாங்கும் பிராண்டின் முத்திரைதான் இருக்கும். இதுவரை சாதாரண ட்ரம்ஸ் பிராண்டுகளுக்கு மட்டுமே செய்தோம். இப்போது மின்னணு ட்ரம்ஸ் தயாரிப்பவர்களும், ரப்பர் போர்த்திய பிளாஸ்டிக் தட்டை விட்டுவிட்டு, உலோகம் கேட்டு வருகிறார்கள். இரு தரப்புக்கும் தனித்தனியாக அச்சு, தனித்தனியாகச் சரக்கு என்றால் கட்டுப்படியாகாது.

என் யோசனை இது. நடுக் குமிழும் அதை ஒட்டிய பகுதியும் 20 சதவீத வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம். வெளி வளையம் பித்தளை அல்லது அலுமினியம். இரண்டையும் ரிவெட் என்னும் தறையாணி அடித்து இணைத்துவிடலாம். விலை கூடிய வெள்ளீயம் குறைவாகச் செலவாகும், எடை குறையும், ஒரே தட்டு இரண்டு சந்தைக்கும் போகும். இரண்டு உலோகத்தை இணைப்பது என்றதுமே இந்த மன்றத்தில் முகம் சுளிப்பவர்கள் காரணத்தைச் சொல்லிவிட்டுச் சுளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சுத்தியல்முனை:

காரணத்தோடுதான் சுளிக்கிறேன். 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம் என்பது இன்று ஊரறிந்த கணக்கு. ஜில்ட்ஜியான் குடும்பம் 1623 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறது. வெறும் விகிதத்தை வைத்துக்கொண்டு யாராலும் நான்கு நூற்றாண்டு தாக்குப்பிடிக்க முடியாது. சிரமம் எல்லாம் வார்த்த பிறகுதான் தொடங்குகிறது. இந்த வெண்கலத்தை மெதுவாக ஆறவிட்டால், அடித்தவுடன் உடைந்துவிடும். பழுக்கக் காய்ச்சி உருட்ட வேண்டும், மறுபடி காய்ச்சி மறுபடி உருட்ட வேண்டும். கடைசியில் சூட்டோடு தண்ணீரில் முக்கினால்தான் சுத்தியலைத் தாங்கும் பதம் வருகிறது.

அதன் பிறகு விழும் ஒவ்வோர் அடியும் தட்டுக்குள் ஓர் இறுக்கத்தை ஏற்றுகிறது. குமிழிலிருந்து ஓரம் வரை அந்த இறுக்கம் விட்டுப்போகாமல் ஓட வேண்டும். நீங்களோ பாதி வழியில் வெட்டி வேறு உலோகத்தைக் கோக்கிறேன் என்கிறீர்கள். வெட்டிய இடத்தில் இறுக்கம் தளர்ந்துவிடும். அப்புறம் எதற்காக அத்தனை அடி அடித்தோம்?

உலைக்களம்:

20 சதவீதம் இருந்தால்தான் சிம்பல் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது? பைஸ்டே நிறுவனத்தின் ‘2002’ என்ற பெயர்கொண்ட சிம்பல் வரிசை 1971 முதல் விற்பனையில் இருக்கிறது. அது 8 சதவீத வெள்ளீயம் கொண்ட தகடு. அதை வைத்து வாசித்த ராக் கலைஞர்களிடம் போய் அது சிம்பலே இல்லை என்று சொல்லிப் பாருங்கள். புதிதாகக் கற்பவர்களுக்கான தட்டுகளில் பெரும்பாலானவை 63 பங்கு செம்பும் 37 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. உலோகத்தில் புனிதம் எதுவும் இல்லை. மிதித்தால் ஒன்றோடொன்று மோதும் இரட்டைத் தட்டான ஹை-ஹாட்டில் மேலே ஓர் உலோகம், கீழே வேறு உலோகம் என்று வாசிப்பவர்களே கலக்கிறார்களே, அது மட்டும் எப்படிச் செல்லும்?

மேடைத்தட்டு:

அந்தக் கேள்வி எனக்கானது. மெல்லிய வெண்கல மேல்தட்டையும் கனத்த பித்தளைக் கீழ்தட்டையும் சேர்த்துத்தான் வாசிக்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் ஸ்டாக்கிலும் கலப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவை தனித்தனித் தட்டுகள். ஒவ்வொன்றும் தன் போக்கில் அதிர்ந்து, மற்றதன் மேல் மோதுகிறது. எனக்கு வேண்டியதே அந்த மோதல்தான். ரிவெட்டால் கட்டிப்போட்ட தட்டில் யார் யாரோடு மோதுவது? குச்சி திரும்பி வரும் விதமும் வளையத்துக்கு வளையம் மாறும். தொடர்ந்து தாளம் தட்டும் தட்டான ரைடை வாசிக்கும்போது குச்சி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு விரற்கடை தள்ளிப்போனதும் கைக்கு வேறு தட்டாகத் தெரிந்தால் வாசிக்க முடியாது.

தாதுமணல்:

உலோகவியல் படிக்கிறேன், சிம்பல் வாசிக்கத் தெரியாது. கணக்கை மட்டும் வைக்கிறேன்.

மெல்லிய தட்டின் சுருதியைத் தீர்மானிப்பவை தடிமன், வடிவம், உலோகத்தில் ஒலி ஓடும் வேகம். வெண்கலத்திலும் பித்தளையிலும் அந்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.4 அல்லது 3.5 கிலோமீட்டர். அலுமினியத்திலும் எஃகிலும் சுமார் 5 கிலோமீட்டர். ஆகவே பித்தளை வளையம் போட்டால் சுருதி அவ்வளவாக நகராது. கடைசலில் (சுழலவிட்டுச் சீவுவதில்) தடிமன் சற்று மாறினாலே அதைவிடப் பெரிய வேறுபாடு வரும். அலுமினியம் போட்டால் அப்படி அல்ல. உள்ளிருந்து வரும் அதிர்வு இணைப்பை அடைந்ததும் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும்.

ஆனால் எனக்கு உலோகத்தைவிட ரிவெட்தான் உறுத்துகிறது. வெண்கலம் தனக்குள் விழுங்கும் அதிர்வு மிகக் குறைவு. ரிவெட் அடித்த இணைப்பில் இரண்டு பரப்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உரசிக்கொண்டே இருக்கும். அங்கே அதிர்வு வெப்பமாகி வீணாவது உலோகத்துக்குள் வீணாவதைப்போலப் பல மடங்கு. ஒற்றை அடியில் முழங்கும் கிராஷ் சிம்பலை ஓங்கி அடித்தால் முதலில் தாழ்ந்த அதிர்வுகள் எழும். சில பத்து மில்லி விநாடிகளில் அவற்றின் ஆற்றல் உயர்ந்த அதிர்வுகளுக்கு வழிந்தோடும். நாம் ரசிக்கும் அந்தச் சீறல் அங்கேதான் பிறக்கிறது. நடுவில் உரசும் இணைப்பு இருந்தால் சீறல் எழும்பும் முன்பே வற்றிவிடும்.

இன்னொன்று. வியர்வை பட்ட இடத்தில் அலுமினியமும் வெண்கலமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். கை பிடித்து ஒலியை நிறுத்தும் கருவியில் வியர்வை படாமல் இருக்காது.

சுத்தியல்முனை:

தங்கை தாதுமணல் சொன்னதைத்தான் என் கை இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எண்கள்தான் என்னிடம் இல்லை.

உலைக்களம்:

சரி, ரிவெட்டை விடுங்கள். இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து உருளைக்கு இடையே அழுத்தி ஒரே தகடாக்கும் முறை இருக்கிறது. செம்பு நடுவிலும் செம்பு-நிக்கல் கலவை இரண்டு பக்கமும் இருக்கும்படி அமெரிக்காவில் நாணயமே அப்படித்தான் அடிக்கிறார்கள். அதில் உரசுவதற்கு இடைவெளி ஏது?

தாதுமணல்:

நாணயத்தில் சேர்ந்திருப்பவை இரண்டும் வளைந்துகொடுக்கும் உலோகங்கள், ஐயா. உங்கள் 20 சதவீத வெண்கலத்தைக் குளிர்நிலையில் அந்த அளவுக்கு அழுத்தினால் விரிசல் விடும். அதைச் சுமார் 590 டிகிரி செல்சியஸுக்கு மேலே கொண்டுபோய்த்தான் தாராளமாக உருட்ட முடிகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்தச் சூட்டில் அது எங்கே நிற்கும்? தவிரவும், சூட்டில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் இடையில் நொறுங்கும் தன்மையுள்ள ஒரு படலம் வளரும். தட்டி அதிரவைக்கும் பொருளில் அது இருக்கக் கூடாது.

8 சதவீத வெண்கலமும் பித்தளையும் என்றால் குளிர்நிலையில் ஒட்டவைக்க வழியுண்டு. ஆனால் இரண்டிலும் ஒலி ஓடும் வேகம் ஏறக்குறைய ஒன்றே என்று மேலே சொன்னேன். அவ்வளவு பாடுபட்டு எதைப் புதிதாகக் கேட்கப்போகிறீர்கள்?

பியெசோப்பித்தன்:

எல்லோரும் மின்னணுப் பக்கத்தை மறந்துவிட்டு வெண்கலப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உலைக்களத்தார் கேட்டதில் பாதி அதுதானே?

மின்னணுச் சிம்பலின் அடியில் ஒட்டியிருக்கும், அதிர்வை மின்சைகையாக மாற்றும் பியெசோ சென்சாருக்குச் சங்கீதம் தெரியாது. அதிர்வு வந்ததா, எவ்வளவு வலுவாக வந்தது என்று மட்டும் பார்க்கும். ஒலி வருவது, சென்சாரோடு இணைத்த மின்னணுப் பெட்டிக்குள் சேமித்த பதிவிலிருந்து. ஆகவே தட்டு அடி வாங்கியதும் அடங்கிவிட வேண்டும். உலோகம் சில விநாடிகள் அதிர்ந்துகொண்டே இருந்தால், அந்த அதிர்வை அடுத்த அடி என்று எண்ணி பெட்டி இரண்டாவது ஒலியை எழுப்பும். அதைத் தடுக்க உணர்திறனைக் குறைத்தால் மெல்லிய அடிகள் தொலையும். பிளாஸ்டிக் மேல் ரப்பர் வந்தது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை; அது வாய் மூடிக்கொள்ளும் பொருள் என்பதால்.

அதனால் தாதுமணல் குறையாகச் சொன்ன ரிவெட் இணைப்பு எனக்கு நிறை. அதிர்வை விழுங்கட்டும், நன்றாக விழுங்கட்டும். உலைக்களத்தாரே, உங்கள் தட்டு என் பக்கத்துக்கு வரட்டும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மேடைத்தட்டு:

வாய் மூடிக்கொள்ளும் சிம்பலுக்கு உலோகம் எதற்கு? அலங்காரத்துக்கா?

பியெசோப்பித்தன்:

குச்சிக்கு. ரப்பரில் அடிக்கும்போது கை உணர்வதும் உலோகத்தில் உணர்வதும் ஒன்றல்ல என்று நீங்களே பக்கம் பக்கமாக எழுதியவர். அலேசிஸ் நிறுவனம் பித்தளைத் தட்டின் மேல் ஒளி ஊடுருவும் பூச்சு போட்டு, ‘சர்ஜ்’ என்ற பெயரில் மின்னணுச் சிம்பல் விற்றது இதற்காகத்தான். மெல்லிய உலோகத் தட்டு கையோடு ஆடும். பிடித்து நிறுத்தினால் உண்மையான ஓரம் விரலில் படும்.

உலைக்களம்:

பியெசோ மட்டும்தான் வழி என்று வாதத்தை ஏன் குறுக்குகிறீர்கள்? ஜில்ட்ஜியான் நிறுவனம் ‘ஜென்16’ என்று ஒரு வரிசை கொண்டுவந்தது. துளைகள் இட்ட உலோகத் தட்டு, அதன் குமிழருகே ஒலிவாங்கி. அங்கே சென்சார் அடியை எண்ணவில்லை. தட்டின் சொந்த ஒலியைப் பிடித்து, அதைப் பெட்டியில் மெருகேற்றியது. அப்படிப்பட்ட கருவிக்கு ஒலிக்கும் உலோகம் வேண்டும். சத்தம் அறையை நிறைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். துளை அந்த வேலையைச் செய்கிறது. ஆக, ஒரே தட்டு இரண்டு பக்கமும் போகும் என்று நான் சொன்னது வெறும் ஆசை இல்லை.

தாதுமணல்:

இந்தப் பதில் வாதத்தையே இரண்டாகப் பிரிக்கிறது. அடியை எண்ணும் கருவிக்கு அடங்கும் தட்டு. ஒலியைப் பிடிக்கும் கருவிக்கு ஒலிக்கும் தட்டு. ரிவெட் அடித்த கலப்புத் தட்டு முதல் வகைக்குப் பொருந்தலாம். இரண்டாவது வகைக்கு நீங்கள் காட்டிய உதாரணத்தில் துளைதான் இருக்கிறது, இரண்டு உலோகம் எங்கே இருக்கிறது?



சுத்தியல்முனை:

செலவு, சந்தை என்று தொடங்கினீர்கள். செலவையே பேசுவோம். கடைசலில் சீவி எடுக்கும் சுருளை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எங்கள் பட்டறையில் அது திரும்ப உலைக்குப் போகிறது. வெள்ளீயம் கலந்த சுருள் ஒவ்வொரு பிடியும் காசு. இரண்டு உலோகம் இணைந்த தட்டைக் கடையும்போது சுருள் கலந்து விழும். பித்தளைச் சுருள் வெண்கல உலையில் விழுந்தால் துத்தநாகம் புகையாகக் கிளம்பும்; அது 907 டிகிரியிலேயே கொதிக்கிறது, செம்பு உருகவே 1,085 டிகிரி வேண்டும். அந்தப் புகையை உள்ளிழுக்கும் உலையாளுக்கு மாலைக்குள் காய்ச்சல். அலுமினியம் விழுந்தால் இன்னும் மோசம்: துளி கலந்தாலும் வார்ப்புக்குள் ஆக்சைடு ஏடு படிந்து, உருட்டும்போது அந்த இடத்தில்தான் பிளக்கும். பழுதான தட்டு திரும்பி வந்தால் அதையும் உருக்க முடியாது. ரிவெட்டை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துப் பிரிக்க ஆள் போட வேண்டும்.

வெள்ளீயத்தில் மிச்சம் பிடித்ததை இங்கே கொட்டிவிடுவீர்கள்.

உலைக்களம்:

இணைத்த பிறகு கடைவதாக யார் சொன்னது? வளையத்தையும் நடுப்பகுதியையும் தனித்தனி இயந்திரத்தில் கடைந்து, கடைசியில்தான் ரிவெட் அடிப்போம். சுருள் கலக்காது. திரும்பி வரும் தட்டு பற்றி நீங்கள் சொல்வது வேறு பேச்சு. அதற்கு இன்னும் என்னிடம் வழி இல்லை, பார்க்கிறேன்.

பியெசோப்பித்தன்:

அப்படியானால் உறை பற்றியும் பேசிவிடுங்கள். மின்னணுத் தட்டில் குச்சி படும் இடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை கேட்பார்கள். உலோகத்தோடு அதை முழுப்பரப்பும் பசையால் ஒட்டாதீர்கள். 40 சென்டிமீட்டர் அகலத் தட்டில், 30 டிகிரி வெப்பம் ஏறி இறங்கினால், வெண்கலத்துக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கும் விரிவில் அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். இரண்டு உலோகங்களுக்கு இடையே அது ஒரு தொல்லையே இல்லை. வெயிலில் நின்ற வாகனத்திலிருந்து இறக்கிய தட்டில் உறை உரிந்து கிடந்ததைப் பார்த்தவன் சொல்கிறேன். நடுவில் மட்டும் பிடித்து, ஓரத்தை விட்டுவிடுங்கள்.

மேடைத்தட்டு:

எனக்கு ஒரே கோரிக்கைதான். எந்த பிராண்டுக்குப் போனாலும் தட்டின் அடியில் என்ன உலோகம், எத்தனை சதவீதம் என்று பொறித்துவிடுங்கள். ‘விசேஷக் கலவை’ என்ற சொல்லை அச்சிட்டுவிட்டு, உள்ளே சாதாரணப் பித்தளையை வைத்து வெண்கல விலைக்கு விற்ற கடையில் நான் ஏமாந்திருக்கிறேன். கலப்பது தப்பில்லை, மறைப்பதுதான் எரிச்சல்.

உலைக்களம்:

பொறிப்பதா வேண்டாமா என்பதை முத்திரை குத்துபவர்தான் முடிவு செய்வார். நான் கேட்டுப் பார்க்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

சுத்தியல்முனை:

கேட்காமல் இருப்பதற்கு அது நல்ல சாக்கு.

நெறியாளர்:

ஆளைப் பேசாமல் தட்டைப் பேசுங்கள்.

தாதுமணல்:

தட்டையே பேசுவோம். உலைக்களம் ஐயா மூன்று தட்டுகள் செய்யட்டும். மூன்றும் 16 அங்குலம், ஒரே வளைவு, ஒரே தடிமன். ஒன்று முழு வெண்கலம். ஒன்று வெண்கலத்தோடு பித்தளை வளையம், ரிவெட்டோடு. மூன்றாவது முழு வெண்கலம்தான், ஆனால் நடுவே வெட்டி, அதே வெண்கல வளையத்தை ரிவெட் அடித்துச் சேர்த்தது. மூன்றாவதுதான் முக்கியம்: அது இல்லாமல், குறை உலோகத்தில் இருக்கிறதா இணைப்பில் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஒரே இடத்தில் ஒரே வலுவில் அடித்து, ஒலி அடங்கும் நேரத்தைப் பதிவு செய்து இங்கே போடுங்கள்.

சுத்தியல்முனை:

ஒரே தடிமன் என்றால் ஒரே எடை வராது என்பதையும் எழுதிவிடுங்கள். பித்தளை சற்று இலேசு. அப்புறம், மூன்றையும் சுத்தியலால் அடித்து முடித்த பிறகு வெட்டுவதா, வெட்டி இணைத்த பிறகு அடிப்பதா? இணைத்த பிறகு அடித்தால் ரிவெட் தளரும். அடித்த பிறகு வெட்டினால் நான் முதலில் சொன்ன இறுக்கம் போகும். இரண்டில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு உலையை மூட்டுங்கள்.

உலைக்களம்:

அடித்த பிறகு வெட்டுகிறேன். வெட்டியதும் வளையம் எவ்வளவு விரிகிறது அல்லது சுருங்குகிறது என்று அளந்து அதையும் போடுகிறேன். உங்கள் இறுக்கம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். அலுமினியத்தைச் சாதாரண ட்ரம்ஸ் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். பியெசோப்பித்தனுக்கு மட்டும் ஒன்று தனியாகச் செய்து அனுப்புகிறேன்.

பியெசோப்பித்தன்:

அனுப்புங்கள். அலுமினியத்துக்கும் வெண்கலத்துக்கும் நடுவே மெல்லிய நைலான் வளையம் வைத்து, ரிவெட்டுக்கும் நைலான் குழல் போட்டு அனுப்புங்கள். அரிப்பும் நிற்கும், அதிர்வும் இன்னும் சீக்கிரம் அடங்கும்.