பொருள்: பிரெஞ்சு ‘கலாந்த்ரி’ – ‘வீரதீரம்’ வேண்டாம், ‘நயப்பாங்கு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் மொழிபெயர்ப்புச் சொற்பட்டியலில், நயமாக நடந்துகொள்ளும் பாங்கைக் குறிக்கும் ‘கலாந்த்ரி’க்கு நேராக ‘வீரதீரம்’ என்று இருக்கிறது. எடுத்துவிடலாம். படைவீரர் விருதுகளுக்கு நாம் சொல்லும் அந்தப் பொருள் ஆங்கிலத்தின் ‘கேலன்ட்ரி’ வழி வந்தது. இன்றைய பிரெஞ்சில் இச்சொல்லுக்கும் போர்க்களத்துக்கும் ஒட்டுமில்லை. இதன் வேர், களித்திருத்தலைக் குறித்த ஒரு பழைய பிரெஞ்சு வினை.

பொருள் கெட்டிப்பட்டது 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில், ராம்பூயே சீமாட்டி போன்றோரின் வரவேற்பறைகளில். 1647இல் இலக்கணவாதி வோழ்லா இதன் சேர்மானத்தைப் பட்டியலிட்டார்: இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று, அரசவைத் தோரணை, சொற்சாதுரியம், நிதானம், மரியாதை, கலகலப்பு. இவை வலிந்து வராமலும் பாசாங்கு இல்லாமலும் இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. பெண்களிடம் காட்டும் உபசாரம் இதில் ஒரு கிளைதான். இன்று அதுவே மரமாகிவிட்டது. இன்னொரு கிளை கள்ளக்காதல். ‘அவருக்கு ஒரு கலாந்த்ரி இருந்தது’ என்றால் தொடுப்பு இருந்தது என்று பொருள்.

என் முன்மொழிவு: நயப்பாங்கு. அடை: நயப்பாங்கான. ஆள்: நயப்பாங்கர்.

---

மறுமொழி:

> என் முன்மொழிவு: நயப்பாங்கு

ஐயா, புதுச்சொல் எதற்கு? ‘தாட்சண்யம்’ இருக்கிறதே. வடமொழி அலங்கார நூல்களில் ‘தட்சிண நாயகன்’ என்பவன் பல பெண்களிடமும் ஒன்றுபோல இணக்கமாக நடப்பவன். இணக்கம், பெண், கொஞ்சம் வழுக்கல் மூன்றும் அங்கேயே உண்டு. அது வேண்டாமென்றால் வெறும் ‘நயப்பு’ போதும். சொல் சங்கிலிபோல் நீளக் கூடாது.

---

மறுமொழி:

அம்மா, வேரைப் பார்த்தால் நீங்கள் சொல்வது அழகாகப் பொருந்துகிறது. வழக்கைப் பார்த்தால் பொருந்தாது. ‘தாட்சண்யம் இல்லாமல் கடனைக் கேட்டான்’ என்கிற தமிழ் வாசகருக்குத் தாட்சண்யம் என்றால் இரக்கமும் முகங்கொடுத்தலும்தான். பெண் வாடை அதில் எப்போதோ போய்விட்டது.

‘நயப்பு’ வேறு வகையில் இடிக்கும். திருக்கோவையாரில் காட்சி, ஐயம், தெளிதல் இவற்றுக்கு அடுத்து வரும் துறை நயப்பு. அது உண்மையான காதலின் தொடக்கம். கலாந்த்ரி காதல் அன்று. 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியே அதைக் காதலின் மென்மையான, இலேசான, ஓயாத பொய் என்றார். அந்தப் பொய்க்கு இடம் தருவது ‘பாங்கு’ என்னும் ஒட்டு: உள்ளே என்ன இருந்தாலும் வெளியே காட்டும் முறை.

முதல் பகுதியான ‘நயம்’ எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதற்குள் இரு முகமும் உண்டு. நயத்தக்க நாகரிகமும் அதில் அடக்கம், நயவஞ்சகமும் அடக்கம். ‘நயமாகப் பேசி’ என்று தொடங்கினாலே அடுத்து என்ன வரும் என்று கேட்பவர் உஷாராகிவிடுவார். புணர்ச்சியிலும் சிக்கலில்லை: மரம் + பெட்டி மரப்பெட்டி ஆவதுபோல.

இன்றைய நடைமுறைப் பொருளுக்கும் பொருத்திப் பார்த்தேன். பிரெஞ்சு மரபில் உணவகத்துக்குள் ஆண் முதலில் நுழைவான், உள்ளே எப்படி என்று பார்க்க. பெண்ணை முன்னே விடுவது மரியாதை என்று நினைப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள். கைமுத்தத்தில் உதடு தோலில் படக் கூடாது, சற்று மேலேயே நின்றுவிட வேண்டும். தெருவில் அது கூடாது, கையுறை அணிந்த கையிலும் கூடாது. சில உணவகங்களில் பெண்ணிடம் விலை அச்சிடாத பட்டியலைத் தரும் வழக்கமும் இருந்தது. இவற்றை ‘நயப்பாங்கு விதிகள்’ என்று எழுதினால் நெருடவில்லை. ‘உபசார விதிகள்’ என்றால் பந்தி பரிமாறுவதுபோல் கேட்கிறது.

---

மறுமொழி:

கலைத்துறைப் பொருள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1717இல் பிரெஞ்சு ஓவியர் வாத்தோ, சித்தேரா தீவுப் பயணத்தைக் காட்டும் தன் ஓவியத்தைப் பாரிஸ் கலைக்கழகத்தில் ஒப்படைத்தபோது, பதிவேட்டில் முதலில் எழுதிய தலைப்பை அடித்துவிட்டு ‘ஃபேத் கலான்த்’ என்று குறித்தார்கள். சோலையில் பட்டாடை ஆண் பெண்கள், பாட்டு, பேச்சு. ‘நயவிழாக் காட்சி’ எனலாம்.

இசையில் கவனம் தேவை. 18ஆம் நூற்றாண்டின் ‘கலான்’ (கலாந்த்ரியின் அடைவடிவம்) பாணி என்றால் ஒன்றோடொன்று பின்னும் பல குரல்களைக் கைவிட்டு, ஒரே மெட்டு, இலேசான துணை, இரண்டு நான்கு தாள அளவைகளில் முடியும் சிறு தொடர்கள். அதற்கு ‘நயப்பாணி’. ஆனால் 1731இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் வெளியிட்ட விசைப்பலகைத் தொகுப்பின் முகப்பில் மினுவெத் என்னும் நடனத்துடன் சேர்த்துப் பன்மையில் வரும் ‘கலான்தரியன்’ என்னும் ஜெர்மன் வடிவம் பாணியின் பெயர் அன்று. வழக்கமான நடனங்களுக்கு இடையே செருகும் இலேசான துண்டுகள். அதற்கு ‘நயத்துணுக்கு’ போடுங்கள். இரண்டையும் கலந்தால் கட்டுரையே புரியாது.

---

மறுமொழி:

ஏற்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ‘நய’ வரவே கூடாது. பிரெஞ்சில் ‘கலான்’ என்னும் அடை ‘ஓம்’ (ஆண்) என்பதற்கு முன்னே வந்தால் ஒன்று, பின்னே வந்தால் வேறு: ‘கலான் ஓம்’ நேர்மையும் பண்பும் உள்ளவர், ‘ஓம் கலான்’ பெண்களைச் சுற்றி உபசரிப்பவர். பெண்ணுக்கு ‘ஃபாம் கலான்த்’ என்றாலோ ஒழுக்கம் தவறியவள் என்ற வசை. ஆணுக்குப் புகழாகும் அடை பெண்ணுக்கு வசையாவதை மொழிபெயர்ப்பில் மழுப்பக் கூடாது. ‘நயப்பாங்கான பெண்’ என்று எழுதினால் பாராட்டாகிவிடும். நம்மிடமும் ‘அவிசாரி’க்கு ஆண்பால் கிடையாது என்பதால் ஈடு தேடி அலைய வேண்டியதில்லை. பழைய நூல்களை மொழிபெயர்க்கும்போது ‘நடத்தை கெட்டவள்’ என்றே போடலாம்.

2018 ஜனவரியில் லெ மோந்து நாளிதழில் நடிகை கேத்தரின் தெனூவ் உட்பட 100 பெண்கள் கையெழுத்திட்ட மடல் வந்ததே, கலாந்த்ரி ஆணாதிக்கத் தாக்குதல் ஆகாது என்று? எதிர்த்தவர்களோ இதே சொல்லைச் சமமின்மையின் முகமூடி என்றார்கள். இரு தரப்புக்கும் ‘நயப்பாங்கு’ என்றே எழுதிப் பார்த்தேன். இரண்டு வாக்கியமும் நின்றன. ‘கண்ணியம்’ என்று எழுதியபோது இரண்டாவது வாக்கியம் விழுந்துவிட்டது.

பட்டியலில் ‘வீரதீரம்’ இருந்த வரியை மாற்றிவிடுகிறேன். ‘நயப்பாங்கர்’ மட்டும் நிலுவையில் இருக்கட்டும். சாதிப்பெயர் போல ஒலிக்கிறது.