அணை ஷட்டர் உடைந்தால் சட்டப்படி யார் பொறுப்பு?

கேள்வி:
எங்க வயல் அணைக்குக் கீழே ஆத்தங்கரையில இருக்கு. 2024 ஆகஸ்ட்ல துங்கபத்திரா அணையோட 19-ஆவது ஷட்டர் சங்கிலி அறுந்து அடிச்சிட்டுப் போச்சு. அதிலிருந்து மழை வந்தாலே பயமா இருக்கு. அப்படி ஒண்ணு இங்க நடந்தா நஷ்ட ஈடு யார்கிட்ட கேக்குறது?

பதில் 1:
2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு சார். 15 மீட்டருக்கு மேல உயரமான அணை எல்லாம் அதுல வரும். பருவமழைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆய்வு கட்டாயம்.

பதில் 2:
அந்தச் சட்டத்தை நம்பி மட்டும் இருந்துடாதீங்க அண்ணே. அந்தச் சட்டப்படி கொடுத்த உத்தரவை யாராவது மதிக்கலேன்னா ஓராண்டு வரை சிறை, அதனால உயிர் போனா ரெண்டு வருஷம். துறைத் தலைவரையே பொறுப்பாக்கலாம். ஆனா வழக்கு அரசோ, அது அதிகாரம் கொடுத்தவங்களோ புகார் கொடுத்தாத்தான். பெரும்பாலான அணைக்கு உரிமையாளரே அரசுதானே! இதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடுன்னு அதுல ஒரு பிரிவுகூட இல்லை. நஷ்ட ஈடு வேணும்னா உயர் நீதிமன்றத்துல ரிட் மனு போடணும், இல்லேன்னா சிவில் வழக்கு.

அதனால இப்பவே ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க. பருவமழைக்கு முந்தின ஆய்வறிக்கை நகல், அவசரகாலச் செயல்திட்டம் ரெண்டையும் கேளுங்க. ஷட்டர், சங்கிலி பத்தி அறிக்கையில குறை எழுதியிருந்து சரிபண்ணாம விட்டிருந்தா, அலட்சியத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பதில் 3:
நஷ்ட ஈடு கேக்கும்போது பயிர் உங்களுதுன்னு காட்டணும்ல, அதனால அடங்கல்ல (எந்த நிலத்துல என்ன பயிர்னு எழுதுற கிராமப் பதிவேடு) இந்தப் போக பயிர் ஏறியிருக்கான்னு விஏஓகிட்ட பாத்துக்கோங்க. குத்தகை நிலம்னா ரொம்ப முக்கியம்.

கேட்டவர்:
குத்தகைதாங்க. திங்கட்கிழமை விஏஓவைப் பாத்துட்டு, ஆர்டிஐ மனுவும் அனுப்புறேன்.